கோடு தொட்ட பந்தும் கை தொட்ட பந்தும்

1986-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள். மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா அரங்கில் உச்சி வெயில். நம் நாட்டிலோ நள்ளிரவு. உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் காலிறுதியில் அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் மோதிக்கொண்டிருந்தன. தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டில் அக்கம்பக்கத்தாரும் வந்து அமர்ந்து பார்த்த காலம் அது. ஆட்டத்தின் 51-ஆம் நிமிடத்தில் மரடோனா, தம்மைவிட உயரமான கோல்காப்பாளர் பீட்டர் ஷில்டனோடு துள்ளி எழுந்து, பந்தை இடக்கையால் தட்டி வலைக்குள் அனுப்பினார். துனிசிய நாட்டு நடுவர் கையைக் காணவில்லை. கோல் என அறிவித்தார். மறுமுறை காட்டப்பட்டபோது நாம் கையைக் கண்டோம். கண்டும் மகிழ்ந்தோம். நான்கு நிமிடங்கள் கழித்து, தம் பாதிக் களத்திலிருந்து பந்தை ஓட்டிச் சென்று, எதிர்ப்பட்டோரையெல்லாம் கடந்து அவர் அடித்த இரண்டாவது கோல், முதற்கோலின் கறையைக் கழுவிவிட்டது என்று நமக்கு நாமே ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

அந்த இரவை இன்று நினைப்பதற்குக் காரணம் உண்டு. நடுவர் காணத் தவறியதைக் காண இப்போது இயந்திரங்கள் வந்துவிட்டன. டென்னிசிலும் கால்பந்திலும் நாம் நீண்ட காலம் கண்ட அநீதிகள் பல இனி நிகழ மாட்டா என்கிறார்கள். இரு ஆட்டங்களையும் ஒரே அளவில் நேசிக்கும் இரசிகர் என்ற உரிமையில், இந்த மாற்றத்தை எடைபோட விழைகிறோம். ஒன்றில் அது பெருமளவு நன்மை செய்தது என்பதும், மற்றொன்றில் தனக்குரிய எல்லையைக் கடந்துவிட்டது என்பதும் நம் கருத்து. இரண்டிலும் நாம் இழந்துகொண்டிருப்பது ஒன்று உண்டு. அதைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை.

முதலில் டென்னிசைப் பார்ப்போம். 2004-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் செரீனா வில்லியம்சும் ஜெனிஃபர் கேப்ரியாட்டியும் ஆடினர். மூன்றாவது செட்டின் முதல் ஆட்டத்தில் செரீனா அடித்த பந்து கோட்டுக்குள் தெளிவாக விழுந்தது. கோட்டு நடுவரும் அதை ஏற்றார். உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருந்த தலைமை நடுவரோ, பந்து வெளியே விழுந்தது என்று தீர்ப்பை மாற்றினார். அந்தச் செட்டில் அவருக்கு எதிராக வேறு தவறான தீர்ப்புகளும் வந்தன, செரீனா தோற்றார். தொலைக்காட்சியில் பார்த்தவர் அனைவருக்கும் உண்மை தெரிந்தது. தீர்ப்பளிக்கும் இடத்தில் இருந்தவருக்கு மட்டும் தெரியவில்லை. இந்த நிலை நெடுநாள் நீடிக்க முடியாது. 2006-ஆம் ஆண்டு மியாமிப் போட்டியில், பந்தின் பாதையைப் பல ஒளிப்படக் கருவிகளால் கணித்துக் காட்டும் ‘ஹாக்-ஐ’ முறை ஆட்டக்காரரின் முறையீட்டுக்கு உதவ வந்தது. அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனிலும், மறு ஆண்டு விம்பிள்டனிலும் இடம்பெற்றது.

அந்த ஏற்பாட்டின் அழகை நாம் இன்றும் பாராட்டுகிறோம். கோட்டு நடுவர் தம் கண்ணை நம்பித் தீர்ப்புச் சொல்வார். ஆட்டக்காரருக்கு ஐயம் எழுந்தால் முறையிடலாம். ஆனால் ஒரு செட்டில் மூன்று முறை மட்டுமே தவறாக முறையிடலாம். ஆகவே அவர் தம்மையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்: ‘நான் உண்மையில் பார்த்தேனா, அல்லது அப்படி இருக்க வேண்டும் என விரும்புகிறேனா?’ அரங்கினர் சீராகக் கைதட்ட, திரையில் பந்து மெல்ல இறங்கிக் கோட்டைத் தொடும் அல்லது தொடாமற்போகும். பிழை செய்தவர் மனிதர், முறையிட்டவர் மனிதர், சான்று சொன்னது இயந்திரம். மூன்றும் தத்தம் இடத்தில் இருந்தன. ரோஜர் ஃபெடரர் போன்ற பெரும் ஆட்டக்காரரே தொடக்கத்தில் இம்முறையை விரும்பவில்லை என்பது உண்மை. ஆயினும் காலப்போக்கில் நடுவரோடு சண்டையிடும் வழக்கம் வெகுவாகக் குறைந்தது.

டென்னிசுக்கு இம்முறை பொருந்தியதன் காரணம் எளிது. பந்து கோட்டைத் தொட்டதா இல்லையா என்பது நிகழ்வு பற்றிய கேள்வி. அதற்கு ஒரே விடைதான் உண்டு. அதில் ஆட்டக்காரரின் நோக்கத்துக்கோ நடுவரின் மதிப்பீட்டுக்கோ இடமில்லை. செம்மண் களத்தில் பந்து தன் தடத்தைத் தானே பதித்துவிடுவதால், நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து குனிந்து பார்ப்பார். பாரிசில் நடக்கும் ஃபிரெஞ்சு ஓப்பன் 2025-ஆம் ஆண்டிலும் கோட்டு நடுவர்களையே நம்பியது.

கால்பந்திலும் இத்தகைய கேள்வி ஒன்று உண்டு: பந்து கோல் கோட்டை முழுவதும் கடந்ததா? 2010-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டீன் நகரில், ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து மேற்கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு வெகு உள்ளே விழுந்து வெளியே துள்ளியது. நடுவர்கள் கோல் தரவில்லை. தந்திருந்தால் கணக்கு 2-2 என்றாகியிருக்கும். முடிவில் ஜெர்மனி 4-1 என வென்றது. இரண்டாண்டுகளுக்குப் பின் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு அனுமதி கிடைத்தது. 2014-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் அது பயன்பட்டது. பந்து கடந்தவுடன் நடுவரின் கைக்கடிகாரம் செய்தி சொல்லிவிடும். ஆட்டம் நிற்பதில்லை. இதை மறுப்பவர் எவரையும் நாம் அறியோம்.

கால்பந்து அத்தோடு நின்றிருக்கலாம். 2018-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ‘வி.ஏ.ஆர்.’ எனப்படும் வீடியோ உதவி நடுவர் முறை வந்தது. 2019-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கும் ஏற்றது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறிய தண்டனை ஆகிய நான்கில், தெளிவான வெளிப்படையான பிழையைத் திருத்துவதே அதன் நோக்கம் என்றார்கள். ஆனால் பந்து கையில் பட்டது குற்றமா என்பது கோட்டைப் பற்றிய கேள்வி அன்று. கை எங்கே இருந்தது, இயல்பாக இருந்ததா, விலக்க நேரம் இருந்ததா என்று மனிதர் எடைபோட வேண்டிய கேள்வி அது. ஒரு நொடியில் நிகழ்ந்த மோதலை வேகம் குறைத்துக் காட்டினால், தற்செயலும் வேண்டுமென்றே செய்ததுபோல் தோன்றும். இயந்திரம் படத்தைத் தருகிறது. தீர்ப்பைத் தரும் பொறுப்பு மீண்டும் ஒரு மனிதரிடமே வருகிறது. அவர் களத்தில் இல்லாமல், எங்கோ ஓர் அறையில் அமர்ந்திருக்கிறார் என்பதே வேறுபாடு.

இரசிகர் இதற்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. டென்னிசில் ஒரு புள்ளி போனால் அடுத்தது உடனே வரும். கால்பந்தில் தொண்ணூறு நிமிடங்கள் காத்திருந்து ஒரே ஒரு கோலைக் காண்போம். அந்த ஒரு நொடி மகிழ்ச்சிக்காகவே அரங்குக்குச் செல்கிறோம். இன்று பந்து வலையைத் தொட்டதும் எழுந்து கூவியவர், பாதியில் நிறுத்தித் திரையைப் பார்க்கிறார். ஆஃப்சைடு ஆராயப்படுகிறது, ஒருவர் தோள் மற்றொருவர் முழங்காலைவிடச் சற்றே முன்னால் இருந்ததாகக் கோடுகள் வரைகின்றன. அரங்கில் இருப்பவர்க்கு என்ன நடக்கிறதென்றே தெரியாத நிமிடங்கள் கழிகின்றன. சுவீடன் நாட்டில் கழகங்களில் பெரும்பான்மை உரிமை உறுப்பினரான இரசிகர்களிடம் இருப்பதால், அவர்களின் எதிர்ப்பை ஏற்று அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் இம்முறையைக் கொண்டுவருவதில்லை என்று 2024-இல் முடிவு செய்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் கழகம் இதை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. இருபது கழகங்களுள் அதற்கு வேறு எவரும் துணை நிற்கவில்லை.

இயந்திரம் வந்ததால் பிழை ஒழிந்ததா என்றால், அதுவும் இல்லை. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாம் அணிக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் முறையாக அடித்த கோலை, ஆஃப்சைடு என்று களநடுவர்கள் மறுத்தனர். வீடியோ நடுவர், களத்தில் கோல் தரப்பட்டுவிட்டதாகத் தவறாக எண்ணி, ‘சரிபார்த்தாயிற்று’ என்று சொல்லிவிட்டார். சில நொடிகளில் தவறு அந்த அறைக்குத் தெரிந்தது. ஆனால் ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டதால் விதி இடந்தரவில்லை. லிவர்பூல் 2-1 எனத் தோற்றது. விம்பிள்டன் 2025-ஆம் ஆண்டில், 1877 முதல் பணியாற்றிவந்த கோட்டு நடுவர்களை விலக்கி முழுவதும் மின்னணு முறைக்கு மாறியது. அவ்வாண்டே மைய அரங்கில் பவ்லியுசென்கோவா, சோனே கார்ட்டால் ஆகிய இருவரும் ஆடிய ஆட்டத்தில், களத்தின் ஒரு பகுதியில் கருவி தவறுதலாக அணைக்கப்பட்டிருந்தது. கார்ட்டால் அடித்த பந்து தெளிவாக வெளியே விழுந்தும் இயந்திரம் வாய் திறக்கவில்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, அந்தப் புள்ளியை மீண்டும் ஆடச் சொன்னார். பவ்லியுசென்கோவா அந்த ஆட்டத்தை இழந்தார். போட்டியை வென்றது அவர் திறமை.

இவ்விரு நிகழ்ச்சிகளும் நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. பழைய நடுவர் காணாததால் தவறினார். புதிய ஏற்பாட்டிலோ, கண்டவர்கள் இருந்தும் சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும்; அது நியாயமானதே. 2009-ஆம் ஆண்டு நவம்பர் 18 அன்று பாரிசில், பிரான்சின் தியெரி ஹென்றி கையால் பந்தை நிறுத்தித் தள்ள, வில்லியம் கல்லாஸ் கோலடித்தார். அயர்லாந்து உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. ஆட்டம் முடிந்த பின் ஹென்றி ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலால் அயர்லாந்துக்கு என்ன கிடைத்தது? ஆட்டக்காரரின் வாழ்நாள் உழைப்பு ஒரு நடுவரின் கண்ணிமைப்பில் அழியலாமா? அழியக் கூடாது. ஆகவே இயந்திரத்தை முற்றும் விலக்குங்கள் என்று நாம் சொல்லவில்லை. கோடு பற்றிய கேள்வியை அதனிடம் விடுங்கள். மதிப்பீடு பற்றியதைக் களநடுவரிடம் விடுங்கள். அவரும் தவறினால், முறையிடும் பொறுப்பை டென்னிசைப்போல் ஆடுவோரிடம் வையுங்கள் என்கிறோம். பயிற்சியாளர் வரையறுத்த எண்ணிக்கையில் மறுபார்வை கோரும் முறையை 2024-ஆம் ஆண்டு கொலம்பியாவில் நடந்த இருபது வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் பயன்படுத்திப் பார்த்தார்கள். நல்ல திசை அது.

இனி, நாம் இழந்துவருவது எது எனச் சொல்ல வேண்டும். 2005-ஆம் ஆண்டு உரோமைப் போட்டியில் ஆண்டி ராடிக் வெற்றிப் புள்ளியில் நின்றார். எதிராளி வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வீஸ் வெளியே விழுந்தது எனக் கோட்டு நடுவர் அறிவித்தார். ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினர். ராடிக் செம்மண்ணில் பதிந்த தடத்தைக் காட்டி, பந்து உள்ளேதான் விழுந்தது என்றார். ஆட்டம் தொடர்ந்தது, அவர் தோற்றார். 2012-ஆம் ஆண்டு நாப்போலி அணிக்கு எதிராக லாசியோவின் மிரோஸ்லாவ் குளோசே தொடக்கத்திலேயே ஒரு கோலடித்தார். நடுவர் ஏற்றுக்கொண்ட அந்தக் கோல், பந்து தம் கையில் பட்டது என்று அவரே சொன்னதால் நீக்கப்பட்டது. லாசியோ 3-0 எனத் தோற்றது.

இவ்விருவரையும் தோற்றவர்களாக நாம் நினைவில் வைக்கவில்லை. யாரும் கேட்காதபோது, தமக்கு நட்டம் வரும் என அறிந்தே உண்மையைச் சொன்னார்கள். இன்று அதே இடத்தில் நிற்கும் ஆட்டக்காரருக்கு அந்த வாய்ப்பு அரிதாகிவிட்டது. அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் திரை சொல்லிவிடும் என்பதால், திரையைப் பார்த்துக் காத்திருப்பதே அவர் கடமையாகிவிட்டது. கண்டுபிடிக்கப்படாதவரை குற்றம் இல்லை என்ற எண்ணம் அதோடு சேர்ந்து வளர்கிறது. பிழைகளைக் குறைக்கும் கருவி நேர்மையை வளர்க்கும் என்று நாம் எதிர்பார்த்ததே தவறு. அது வேறு இடத்தில் வளர வேண்டிய பயிர்.

இதில் ஆட்டக்காரரை மட்டும் குறை கூறுவது நமக்கு அழகன்று. நம் அணிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தால் நீதி கேட்டுக் கூச்சலிடுகிறோம்; சாதகமாக வந்தால், நடுவர் தீர்ப்பே இறுதியானது என்று பேசுகிறோம். ஹென்றியைப் பழித்த நாமே மரடோனாவின் செயலுக்குக் ‘கடவுளின் கை’ என்று வழங்கிய பெயரைச் சிரித்துக்கொண்டே சொல்லிவந்தோம். அவர் மேதை என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்த இரண்டாவது கோலை இன்னும் நூறு முறை பார்க்கவும் சலிப்பதில்லை. ஆனால் அதைக்கொண்டு முதற்கோலை மூடி மறைத்தது அவர் அல்லர், நாம்.

அந்த நள்ளிரவில் அறையில் இருந்த ஒருவரேனும், ‘இது கோல் இல்லை’ என்று உரக்கச் சொல்லியிருக்கலாம். ஆட்டத்தின் முடிவு அதனால் மாறியிராது. ஆயினும் உடன் அமர்ந்திருந்த சிறுவர்கள், தம் அணியை நேசிப்பவரும் உண்மை பேசலாம் என்று அன்றே அறிந்திருப்பார்கள்.