சித்திரையில் ஓடும் ஊவா, மார்கழியில் ஓடும் சென்னை

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் நெடுந்தூர ஓட்டத்துக்கென்றே ஒரு மாதம் உண்டு. அது சித்திரை. புத்தாண்டு விளையாட்டு விழா என்றால் வழுக்குமரம், தலையணைச் சண்டை, கயிறு இழுத்தல் எல்லாவற்றுக்கும் முன்னால், பனி விலகாத காலையிலேயே மரதன் ஓட்டம் நடந்தாக வேண்டும். பசறையோ, மடூல்சீமையோ, நமுனுகுலவோ, நடைமுறை ஒன்றுதான். சந்தியில் பொடியன்கள் கூடுவார்கள். காட்போட் மட்டையை வெட்டி, எண் எழுதி, சட்டையில் ஊசி குத்திவிடுவார்கள். சிலர் காலில் சப்பாத்து இருக்கும், பலர் வெறுங்கால். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ முன்னால் போகும். லயத்து வாசல்களில் அம்மாமார் வாளியும் கோப்பையுமாக நிற்பார்கள். குடிக்கக் கொடுக்கும் தண்ணீரைவிடத் தலையில் ஊற்றும் தண்ணீர்தான் அதிகம். இரண்டு கிலோமீற்றர் ஏற்றம், அதற்கப்புறம் முழங்காலைக் கேட்கும் இறக்கம், நடுவில் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கிவிடாமல் பார்க்க ஒரு அண்ணன். கட்டணம் கிடையாது. ஊரே ஓட்டத்தை நடத்துகிறது, ஊரே பார்க்கிறது.

ஆனால் பரிசு முதல் மூன்று பேருக்குத்தான். பதினைந்தாவதாக வருகிறவன் பெரும்பாலும் மைதானம் வரை வருவதே இல்லை. தன் லயத்தடியில் ஒதுங்கி முகம் கழுவப் போய்விடுவான். ஒலிபெருக்கியும் அதற்குள் அடுத்த போட்டிக்கு ஆள் கூப்பிடத் தொடங்கியிருக்கும். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியிலும் இதே கதைதான். வெல்கிற கால்கள் வலய மட்டம், மாகாண மட்டம் என்று போகும், பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தையும் பார்க்கும். மிச்சக் கால்கள் உயர்தரப் பரீட்சையோடு ஓய்ந்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு அதற்கும் முன்பே.

நாற்பதை நெருங்கும் வயதில், டொக்டர் சீனியைப் பற்றி எச்சரித்த பிறகு, நான் விடியலில் ஓடத் தொடங்கினேன். தோட்டத்து ரோட்டில் வளர்ந்த ஆள் ஒருவன் ஓடினால் அதற்குக் காரணம் இருந்தாக வேண்டும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா, கொழுந்துக் கூடையோடு அப்படியே நின்றுவிட்டார். “என்னாங்க சேர், வீட்டுல யாருக்கும் சுகமில்லையா?” சாவுச் செய்திக்கும் குளவிக்கொட்டுக்கும் மட்டுமே ஆட்கள் ஓடிப் பார்த்த ரோடு அது. அவர் கேட்டதில் பிழையில்லை.

கொழும்பு மரதன் பல ஆண்டுகள் ஒக்டோபரில் நடந்தது. தலைநகரில் தொடங்கி நீர்கொழும்புக் கடற்கரையில் முடியும் பாதை. எங்களுக்கு அது முதலில் ஒரு ரயில் பயணம். மாலையில் பதுளையில் இரவுத் தபால் ரயிலில் ஏறினால், விடிவதற்கு முன் கோட்டை. 680 மீற்றர் உயரத்து ஊரிலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்குகிறோமே, மூச்சு இலகுவாக வரும் என்று நினைப்பவர்கள் ஒக்டோபர் மாதத்துக் கொழும்பை அறியாதவர்கள். மலையில் வியர்வை காற்றிலேயே காய்ந்துவிடும். கொழும்பில் அது உடம்பைவிட்டுப் போகாது. சட்டை ஒட்டும், சப்பாத்துக்குள் இறங்கும், பத்துக் கிலோமீற்றருக்குள் கால் சொதசொதக்கும். இன்னொன்று, சமதரை. ஏற்றத்தில் ஒரு தசையும் இறக்கத்தில் இன்னொரு தசையுமாக மாறி மாறி உழைத்துப் பழகிய கால்களுக்கு, வளைவே இல்லாத நீர்கொழும்பு வீதி ஒரே இடத்தில் ஓயாமல் அடிப்பதுபோல் இருக்கிறது. அரைவாசித் தூரத்தில் என் தொடைகள் ஓர் ஏற்றத்துக்காக ஏங்கின.

முன்வரிசையில் இராணுவ, பொலிஸ் அணிகளின் ஓட்டக்காரர்கள். 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் ஒலிம்பிக் மரதன் ஓடிய அநுராத இந்திரஜித் குரே போன்றவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. அவர்களை அடுத்து வெளிநாட்டுப் பயணிகள். அதற்கும் பின்னால்தான் என்னைப் போன்றவர்கள். எனக்குப் பின்னால் அதிகம் பேர் இல்லை. மலையகத் தமிழ் பேச்சு காதில் விழுமா என்று முழுத் தூரமும் கேட்டுக்கொண்டே போனேன். விழவில்லை.

சென்னைக்குப் போனபோதுதான் இந்த வரிசை தலைகீழாகக் கிடந்தது. இந்தியாவில் பொதுமக்களின் பெருநகர ஓட்டத்துக்கு வயது அதிகமில்லை. 2004இல் மும்பை மாரத்தான் தொடங்கியது, அடுத்த ஆண்டு டெல்லியில் அரை மாரத்தான், 2008இல் பெங்களூரில் பத்துக் கிலோமீற்றர். சென்னையில் 2006இல் ஒரு சிறு நண்பர் கூட்டமாக உருவான ‘சென்னை ரன்னர்ஸ்’ 2012 முதல் நகரத்தின் மாரத்தானை நடத்துகிறது. அந்த அமைப்பின் கிளைகள் பேட்டை பேட்டையாக இருக்கின்றன. ஞாயிறு விடிகாலையில் கூடி ஓடிவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். போட்டி நாள் வருடத்தில் ஒன்று. பழக்கம் வருடம் முழுவதும்.

ஜனவரி முதல் வாரம், மார்கழி. நேப்பியர் பாலத்தில் இருட்டிலேயே கூட்டம். கணினி நிறுவனத்துப் பிள்ளைகள், வங்கியில் ஓய்வு பெற்றவர்கள், புடவைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து போட்ட ஒரு பாட்டி, சர்க்கரையைக் குறைக்க ஓடுகிறவர்கள், வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு வந்தது போல் முகத்தை வைத்திருந்த ஒரு தம்பதி. முடிக்க நினைக்கும் நேரத்தைக் கொடியில் எழுதிப் பிடித்துக்கொண்டு பேசர் ஒருவர் நிற்பார். அவரோடு ஒட்டிக்கொண்டால் போதும், கணக்கு அவருடையது. காமராஜர் சாலையில் இடப்பக்கம் கடல், தெரியாவிட்டாலும் காற்றில் உப்பு. தெற்கே போகப் போக எங்கோ ஒரு கோயிலின் மார்கழிப் பாட்டு. முப்பது கிலோமீற்றரைத் தாண்டி நான் நடக்கத் தொடங்கியபோது, அறுபது வயதைக் கடந்த ஒருவர் பக்கத்தில் வந்து, காகிதத்தில் மடித்த உப்பை நீட்டினார். “போட்டுக்கோங்க தம்பி, பிடிப்பு விட்டுடும். எந்த ஊரு?” பதுளை என்றேன். “மலை ஏறி இறங்குற ஊராச்சே! உங்களுக்கென்ன, ஓடுங்க,” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். முடிவுக்கோட்டில், முதல் ஆள் வந்து பல மணிநேரம் கழிந்த பிறகும் தொண்டர்கள் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் குழுவில் வந்தவர் கழுத்திலும் அதே பதக்கம். எங்கள் ஊரில் லயத்தடியில் ஒதுங்கிப் போகும் அந்தப் பதினைந்தாவது பொடியன் இங்கே இருந்திருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள்.

2021இல் தமிழகச் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் கால் அடிபட்டு மீண்டவர், நீரிழிவுக்காரர். நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்திருக்கிறார். ஐம்பது வயதுக்காரர் ஓடுவதை யாரும் துக்கச் செய்தி என்று நினைக்காத நாடாகத் தமிழ்நாடு மாறியதில் இப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனாலும் சென்னையை அப்படியே தூக்கி வந்து ஊவாவில் வைக்க நான் கேட்கமாட்டேன். பதிவுக் கட்டணம், சப்பாத்து, நேரம் பார்க்கும் கடிகாரம் என்று அந்த ஓட்டத்துக்கு நுழைவாயில் பல. ஓட்டக்காரர்கள் வீசிய காகிதக் கோப்பைகளை விடிந்ததும் கூட்டிய தூய்மைப் பணியாளர்களில் எத்தனை பேர் அந்தத் தெருவில் ஓட நினைத்திருப்பார்கள்? நாற்காலியில் உட்கார்ந்து உழைப்பவர்களின் ஓட்டம் அது. எங்கள் பக்கம் நிலைமை வேறு. கொழுந்துக் கூடையோடு நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கி, 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டம் கேட்கும் நிறையைக் கொண்டுவந்து கொட்டாவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும் என்ற நிலையில் இருக்கும் பெண்ணிடம், உடம்புக்கு நல்லது, கொஞ்சம் ஓடுங்கள் என்று யார் சொல்ல முடியும்? 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. 2022 நெருக்கடியில் ரூபா சரிந்த பிறகு, நல்லதொரு இறக்குமதிச் சப்பாத்தின் விலையில் அந்தச் சம்பளத்தின் பல வாரங்கள் அடங்கிவிடும். கொழும்புக்கு ஓடப் போக வேண்டுமென்றால் சனிக்கிழமைப் பேரையும் இழக்க வேண்டும்.

கடைசியாக வருகிறவருக்கும் இடம் கொடுக்கும் மனம் சென்னைக்காரர்களிடம் நாம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றல்ல. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. கோப்பித் தோட்டக் காலத்தில் முன்னோர்கள் வந்த பாதை அது. காட்டிலும் காய்ச்சலிலும் எண்ணற்றோர் விழுந்த பாதை. ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12 வரை, கிழவர்களும் பிள்ளைகளும், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் நடந்தார்கள். அதில் முதலாவது யார், கடைசி யார் என்று எவரும் கேட்கவில்லை. ஊவாவிலேயே இருக்கும் கதிர்காமத்துக்கு ஆடியில் வரும் பாதயாத்திரையிலும் அப்படித்தான். நடக்கும்போது எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் சனம், ஓடும்போது மட்டும் மூன்று பேரோடு நிறுத்திக்கொள்கிறது. நம் ஓட்டம் பாடசாலைப் போட்டியிலிருந்து பிறந்தது, யாத்திரையிலிருந்து பிறக்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது.

அதனால் என் கோரிக்கை சிறியது. அப்புத்தளைக்கு மேலே, 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தம்பேதன்னைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர், முழுக்க ஏற்றம். சுற்றுலாப் பயணிகள் விடியலில் ஓட்டோ பிடித்துப் போகும் அதே ரோடு. வருடத்தில் ஒரு ஞாயிறு, யாருடைய பேரும் போகாத நாளாகப் பார்த்து, சித்திரை விழா போலக் கட்டணமில்லாமல் அங்கே ஓர் ஓட்டம் நடத்தலாம். வெறுங்காலோடு வரலாம், நடந்தும் வரலாம். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும். அந்த ஏற்றத்தில் அவர்களை முந்துவது எளிதல்ல. வருகிற எல்லோருடைய நேரத்தையும் எழுதிக்கொள்ள ஒரு கணக்கப்பிள்ளை, குளவிக் கூடுகளை முதல் நாளே பார்த்துவைக்க நாலு பேர், உச்சியில் கடைசி ஆள் வரும்வரை அணையாத தேநீர் அடுப்பு. மாகாண விளையாட்டுத் திணைக்களமும் தோட்ட நிர்வாகமும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அடுத்த சித்திரைக்கே முடியும். எண் மட்டை வெட்ட எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.