வரியும் கூலியும்: லக்டான்சியஸின் ஒரு வாதம் பற்றிய ஆய்வு

லக்டான்சியஸ் இலத்தீனில் எழுதிய ‘துன்புறுத்தினோரின் மரணங்கள்’ என்னும் நூலை, கி.பி. 303இல் தொடங்கிய பெருந்துன்புறுத்தலுக்குரிய சான்றாகவே திருச்சபை வரலாறு பயில்வோர் பெரும்பாலும் அறிவர். அந்நூலின் ஏழாம் அதிகாரம் வேறொரு காரணத்தாலும் நம் கவனத்துக்குரியது. அரசு விதிக்கும் வரி எந்த எல்லைவரை நெறிக்குட்பட்டது, எவ்விடத்தில் அது கொள்ளையாக மாறுகிறது என்னும் வினாவை அங்கே கிறிஸ்தவ அறிஞர் ஒருவர் பேரரசரின் பெயரைச் சுட்டியே எழுப்புகிறார். அவருடைய துணிவை நாம் மதிக்கிறோம். எனினும், அவர் கண்ட விடை போதுமானதா என்பதை ஆராய்வது நம் கடமை.

ஆசிரியரின் நிலையை முதலில் நினைவிற்கொள்வோம். டயோக்கிளீஷியன் பேரரசரே அவரை நிக்கொமேதியா நகருக்கு அழைத்துச் சொல்லணி ஆசிரியராக அமர்த்தினார். துன்புறுத்தலின்போது அப்பணியை இழந்த அவர், பிற்காலத்தில் கான்ஸ்டன்டைனின் மகன் கிறிஸ்பஸுக்கு ஆசிரியரானார். ஆகவே, ஓர் அரசவையில் அவர் காயமுற்றார்; மற்றோர் அரசவையில் ஆதரவு பெற்றார்.

அவர் கூறுவது இதுவே: ஆட்சி நால்வரிடையே பகிரப்பட்டது, நால்வரும் படையைப் பெருக்கினர், வரி கொடுப்போரினும் வரியால் வாழ்வோர் மிகுந்தனர், சுமை தாங்காத உழவர் நிலத்தைக் கைவிட, விளைநிலம் காடாயிற்று. பின்னர் அரசர் பண்டங்களுக்கு விலை வரையறுத்தார். அச்சத்தால் பொருள்கள் அங்காடியிலிருந்து மறைந்தன. அற்பப் பொருளுக்காகவும் இரத்தம் சிந்தப்பட்டது. முடிவில் ஆணை தானே செயலற்றுப்போயிற்று. இருபத்துமூன்றாம் அதிகாரத்திலோ, கலேரியஸ் நடத்திய வரிக்கணக்கெடுப்பில் மரங்களும் கொடிகளும் எண்ணப்பட்டதையும், இறந்தோர் பெயரிலும் வரி தண்டப்பட்டதையும் விவரிக்கிறார். அவர் பகைவரைப்பற்றி எழுதுகிறார் என்பதையும், மிகைப்படுத்தல் சொல்லணி ஆசிரியரின் இயல்பு என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்வெழுத்தின் நன்மை வெளிப்படை. உரோமர் 13ஆம் அதிகாரத்தைக் கொண்டு, வரி எதுவாயினும் வாய்திறவாமல் செலுத்துவதே பக்தி எனப் போதிப்போர் உளர். பவுலோ கடன்பட்டதைச் செலுத்தவேண்டும் என்கிறார். அதிகாரிக்குக் கடவுளின் ஊழியன் என்னும் பொறுப்பையும் அங்கேயே வைக்கிறார். அப்பொறுப்பை மறந்த அதிகாரியை லக்டான்சியஸ் நமக்குக் காட்டுகிறார். 1 சாமுவேல் 8இல் தீர்க்கதரிசி விடுத்த எச்சரிக்கையின் மரபில் அவர் நிற்கிறார் எனலாம்.

ஆயினும் அவர் வாதத்தில் மூன்று குறைகள் உள.

முதலாவது, அவர் நாணயத்தை நோக்கவில்லை. மத்தேயு 20இல் ஒரு தெனாரியம் கூலியாளின் ஒருநாள் ஊதியம். நம் பழைய மொழிபெயர்ப்பு அதனைப் ‘பணம்’ என்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 6:6இலோ அதே பணம் ஒருவர் ஒருநாள் உண்ணும் கோதுமையை மட்டுமே வாங்குகிறது. மனைவிக்கும் மக்களுக்கும் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இது காட்சியோடு நிற்கவில்லை. கி.பி. 64இல் நீரோ தெனாரியத்தின் வெள்ளியைக் குறைத்தார். 270ஆம் ஆண்டளவில் வெள்ளிக்காசு எனப்பட்டதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. 301இல் அரசு தன் நாணயங்கள் சிலவற்றின் முகமதிப்பை இருமடங்காக்கியதை அஃப்ரோடிசியாஸ் நகரில் கிடைத்த கல்வெட்டு காட்டுகிறது. சட்டத்தால் விதிக்கப்படும் வரியைக் குடிமகன் காண்கிறான். காசின் மதிப்பைக் குறைத்து வாங்கப்படும் வரியையோ அவன் காண்பதில்லை. கூலி எண்ணிக்கையில் குறையாமலே பொருளில் குறைகிறது. பொத்தற் பையில் கூலியைப் போடும் மனிதனைப்பற்றி ஆகாய் கூறியது ஈண்டு நினையத்தக்கது. விலையேற்றத்துக்கு வணிகரின் பேராசையே காரணம் என அரசாணை சாற்றியது. அரசரின் பேராசையே காரணம் என லக்டான்சியஸ் சாற்றினார். இருவரும் நெஞ்சை ஆராய்ந்தனர். காசை ஆராய்ந்தார் இல்லை.

இரண்டாவது, அவர் கூலியாளைக் காணவில்லை. 301ஆம் ஆண்டின் அவ்விலையாணை கல்வெட்டுத் துண்டுகளாக இன்றும் கிடைக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட அது, பண்டத்தின் விலைக்கு மட்டுமன்றி, உழைப்பின் கூலிக்கும் உச்சவரம்பு விதித்தது. வயல் வேலையாளுக்கு உணவோடு நாளொன்றுக்கு 25 தெனாரியம். வழக்கறிஞர் ஒரு வழக்கில் வாதிட 1,000 தெனாரியம். படையினரின் மோடியஸ் என்னும் அளவையில் ஓரளவை கோதுமைக்கு 100 தெனாரியம். அது வயல் வேலையாளின் நான்கு நாள் உழைப்பு. வரம்பை மீறுவோருக்கு மரணதண்டனை. ஆணையின் சொற்படி பார்த்தால், 26 தெனாரியம் கேட்கும் வேலையாளும் அத்தண்டனைக்கு உரியவனே! ஆணையின் முகவுரை படைவீரரின் ஊதியம் கரைவதற்காக வருந்துகிறது. வயலில் உழைப்போனுக்காக வருந்தவில்லை. அரசின் இக்குருட்டுத்தன்மையை லக்டான்சியஸ் சுட்டியிருக்கலாம். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்னும் யாக்கோபின் நிருபத்தைப் பெற்றிருந்த திருச்சபையின் எழுத்தாளர் அவர். அவரோ நிலத்துக்குரியோரின் துயரோடு நின்றுவிட்டார்.

மூன்றாவது குறையே நம்மை மிகுதியும் தொடுவது. வரியின் நெறியை அவர் அரசரின் சமயத்தோடு பிணைத்துவிட்டார். துன்புறுத்துபவன் ஆதலால் அவன் வரியும் கொடுமை என்னும் தொனி நூலெங்கும் ஒலிக்கிறது. அப்படியாயின், திருச்சபைக்கு நண்பரான அரசர் விதிக்கும் வரியை என்னென்பது? கான்ஸ்டன்டைன் வணிகர்மீதும் கைவினைஞர்மீதும் பொன்னும் வெள்ளியுமாக ஒரு வரி விதித்தார். அதனால் பெற்றோர் மக்களை விற்க நேர்ந்தது என்று கடிந்தெழுதியவர் சோசிமஸ் என்னும் புறச்சமய வரலாற்றாசிரியர். ஆறாம் நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியர் எவாக்ரியஸ் அவ்வரி இழிவானதென ஒப்புகிறார். 498இல் அதனை நீக்கிய அனஸ்தாசியஸ் அரசரைப் புகழ்கிறார். ஆனால் கான்ஸ்டன்டைன் அதனை விதித்திருக்க இயலாதென்று சோசிமஸைச் சினந்து மறுக்கிறார். கிறிஸ்தவர் புறச்சமய அரசரின் வரியைக் கண்டார். புறச்சமயத்தார் கிறிஸ்தவ அரசரின் வரியைக் கண்டார். இதற்கிடையில், 313இலேயே குருமாருக்குக் கட்டாயப் பொதுப்பணிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. சுமையிலிருந்து விடுவிக்கப்பட்டவன் சுமப்பவனுக்காகப் பேசுவது அரிது.

அங்ஙனமாயின் அளவுகோல் எது? வரியனைத்தும் திருட்டு என்பாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. வழியும் நீதிமன்றமும் மருத்துவமனையும் பொதுப்பொருளின்றி அமையா. நெகேமியா 5ஆம் அதிகாரம் நமக்கு வழிகாட்டுகிறது. அரசனின் வரியைச் செலுத்தக் கடன்பட்டு, நிலத்தை அடகுவைத்து, பிள்ளைகளை அடிமைகளாக்கிய மக்கள் அங்கே முறையிடுகின்றனர். நெகேமியா அரச வரியை ஒழித்தாரல்லர். அவரே பெர்சிய அரசனின் அதிகாரி. ஆனால், மக்களின் கூக்குரலை வரியை எடைபோடும் துலாக்கோலாக ஏற்றார். கடன் கொடுத்தோரைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். தமக்குரிய ஆளுநர்ப் படியைப் பன்னிரண்டாண்டுகள் வாங்காதிருந்தார். உழைப்பவனின் வீட்டை அழிக்காத வரியே நெறிக்குட்பட்டது என்பதும், அதைக் கூறுவோன் தன் சலுகையை முதலில் கைவிடவேண்டும் என்பதும் அவ்வதிகாரத்தின் பாடம்.

இது பழங்கதையன்று. கத்தோலிக்கத் துறவியர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் பெறும் சம்பளத்தில் வருமானவரி பிடித்தம் செய்யலாகாது எனத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அத்தீர்ப்பைக் கேட்டுப் பிற சபையினராகிய நாம் நம்மை மெச்சிக்கொள்ள இடமில்லை. நம் சபைகளின் அறநிலையங்களும் வரிவிலக்கைத் துய்க்கின்றன. வருமானவரியே கட்டாத நாட்கூலியாளோ, கடையில் வாங்கும் பண்டத்தின்வழி சரக்கு சேவை வரியைச் செலுத்துகிறான். விலையேற்றத்துக்கு ஈடுசெய்யும் அகவிலைப்படியும் அவனுக்கு இல்லை. ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் நம் பணியாளனின் சம்பளம், விலைவாசி ஏறும்போது உடன் ஏறுகிறதா? அரசின் வரியைப்பற்றி அருளுரை ஆற்றுமுன், சபையின் சம்பளப் பதிவேட்டை ஆயர்கள் ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.