ஒரு கொழுந்துக்கு எத்தனை வினை

ஆங்கிலத்தில் ‘பிக்’ என்ற வினைச்சொல்லுக்கு ஓய்வே கிடையாது. பூவைப் பறிப்பதும் அதுதான், ஆளைத் தேர்ந்தெடுப்பதும் அதுதான். மூக்கை நோண்டினாலும், பூட்டைக் கம்பியால் திறந்தாலும், வம்புச் சண்டைக்கு இழுத்தாலும், பிறர் பையில் கைவிட்டாலும் அதே சொல். அதன் பங்காளியான ‘பிளக்’ கோழியின் இறகைப் பிடுங்கும், கித்தார் தந்தியை மீட்டும், பெயர்ச்சொல்லாக நின்றால் நெஞ்சுரத்தையும் குறிக்கும். தேயிலைத் தொழிலில் நிலைத்தது இந்தப் பங்காளிதான். இளங்கொழுந்தை மட்டும் எடுத்தால் ‘ஃபைன் பிளக்கிங்’, முற்றிய இலையும் சேர்ந்தால் ‘கோர்ஸ் பிளக்கிங்’. அடைமொழி மாறும், வினை மாறாது.

தமிழ் அப்படிச் சும்மா இருக்காது. விரல் என்ன செய்கிறது, பொருள் எப்படிப் பிரிகிறது என்று பார்த்து வினையையே மாற்றும். அந்த நுட்பத்தைச் சுவைக்கத் தேயிலைச் சரிவைவிட நல்ல இடம் இல்லை. மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்கு, 1885இல் நிலம் அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர். 1929இல் ஜே. ஏ. ரசல் அங்கே ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். ஹாபு, ஃபேர்லி, சுங்கை பாலாஸ் என்று தோட்டங்கள் விரிந்தன. கடல் தாண்டி வந்து அங்கே உழைத்த தமிழர்களோடு இந்த வினைகளும் மலையேறின.

முதலில் கிள்ளுதல். இரண்டு நகங்கள் சந்தித்தால் கிள்ளல். வெற்றிலைக் காம்பைக் கிள்ளலாம், குழந்தையின் கன்னத்தைக் கிள்ளலாம். கொழுந்துக்கோ நகம் பகை. நசுங்கிய இலை ஆலைக்குப் போகுமுன்பே சிவக்கத் தொடங்கிவிடும். அதனால் தேர்ந்த கை, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே காம்பைப் பிடித்து ஒடிக்கும். இந்த ‘ஒடி’யில் ஒரு சோதனையும் அடங்கியிருக்கிறது. இளங்காம்பு பட்டென்று ஒடியும், முற்றியது வளையும், நார் விடும். கண் பார்க்கத் தவறியதை விரல் கண்டுபிடித்துவிடுகிறது.

பறித்தலில் கொஞ்சம் வன்மை உண்டு. நாற்றைப் பறித்தால் வேரோடு வரும். குழி பறிப்பதும் பதவியைப் பறிப்பதும் இதே சொல்லால்தான். பூவோடு சேரும்போது மட்டும் எப்படியோ மென்மையாகிவிடுகிறது. செய்தித்தாள்கள் ‘கொழுந்து பறித்தல்’ என்று எழுதும்போது நமக்கு உறுத்தாததற்கு அந்தப் பூவின் பழக்கமே காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது கொய்தல். மலையும் மலை சார்ந்த நிலமுமான குறிஞ்சியில் தினைக்கதிரைக் கொய்தார்கள். அதே சொல்லுக்குத் துணியை மடிப்பு மடிப்பாகக் கூட்டிப் பிடிப்பது என்றும் பொருள். அப்படிப் பிறந்த கொய்சகம்தான் நம் வீட்டுப் பேச்சில் கொசுவம். கொழுந்தெடுக்கும் கையைக் கவனித்தால் இந்த இரண்டு பொருளும் ஒன்றாக நடப்பது தெரியும். ஒவ்வொரு தளிரையும் அந்தந்த நொடியே கூடையில் போடுவதில்லை. ஒடித்த தளிர்களை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே போய், பிடி நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் கூடைக்குள் எறிவார்கள். கொய்தல் என்ற ஒரே சொல் எடுப்பதையும் சேர்ப்பதையும் சொல்லிவிடுகிறது.

பிறகு ஆய்தல். கீரை ஆய்வது போல, முற்றிய இலையையும் கட்டைக் காம்பையும் தள்ளி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தெரிந்து நிறுத்துவது. ஆராய்ச்சிக்கும் ஆய்வேட்டுக்கும் வேர் இந்தச் சொல்தான்.

பக்கத்து மொழியான மலாயும் சளைத்ததல்ல. ‘பெத்திக்’ என்றால் தேயிலை பறிக்கலாம், கித்தார் மீட்டலாம், விரலைச் சொடுக்கலாம், விளக்கின் சுவிட்சைத் தட்டலாம். நூலிலிருந்து எடுத்துக்காட்டும் பகுதிக்குப் ‘பெத்திக்கான்’ என்று பெயர். மேற்கோள் காட்டுவதும் ஒரு பறிப்புத்தான் என்கிற நயம் அது.

கருவி மாறினால் வினையும் மாறும். மலாயா ரப்பர்த் தோட்டத்தில் ‘மரம் வெட்டப் போறேன்’ என்றால் பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போவதாகப் பொருள். தமிழ்நாட்டுக்காரர் கோடரியைத் தேடுவார். இப்போது கேமரன் மலையின் பல சரிவுகளில் பை கட்டிய கத்தரியும், இருவர் பிடித்து நடக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. வங்கதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியரும் அங்கே வேலை செய்கிறார்கள். கத்தரி கிள்ளாது, கொய்யாது, ஆயாது. அதற்கு வெட்டுதல் ஒன்றே போதும்.

இத்தனை இருந்தும், தோட்டத்துப் பேச்சு பெரும்பாலும் ‘கொழுந்து எடுக்க’ என்றே சொல்கிறது. பருத்தியையும் நாம் எடுக்கத்தான் செய்கிறோம். சொல் எளிமையானது, அலங்காரம் இல்லாதது. நாலைந்து கிலோ பச்சை இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. கூலி நிறுவையில் நிற்கிறது. கவிதைக்குக் கொய்தல் அழகு. தராசுக்கு முன்னால் நிற்பவருக்கு, கிள்ளியதோ ஒடித்ததோ ஆய்ந்ததோ, எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்கிற ‘எடு’தான் பொருத்தம்.