வட்டுப் போரில் வென்றது எது?

புதிய கருவி ஒன்று சந்தைக்கு வரும்போது, அதனுடன் ஒரு சண்டையும் வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. ஒரே வேலையைச் செய்ய இரண்டு கருவிகள் வரும். ஒன்றின் நாடாவோ வட்டோ மற்றதில் ஓடாது. சில ஆண்டுகளில் ஒன்று நிலைக்கும், மற்றது மறையும். இதை 'நியமப் போர்' என்று வருணித்து, வென்றவருக்கு மாலையும் தோற்றவருக்கு அனுதாபமும் சூட்டிக் கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். இந்த மதிப்பீடு போதாது என்பது நம் கருத்து. வட்டில் எழுதி வைத்ததைப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து யாரால் படிக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் வெற்றி தோல்விகளின் பட்டியலே மாறிவிடும். அதற்குச் சான்று தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. திருப்பூரின் எம்பிராய்டரிப் பட்டறைகளே போதும்.

இரு வட்டுகள், இரு நியாயங்கள்

வீட்டுப் படக்கருவிகளில் முதற்பெரும் போர் 1975 இல் சோனி வெளியிட்ட பீட்டாமேக்ஸ் நாடாவுக்கும், 1976 இல் ஜே.வி.சி. வெளியிட்ட வி.எச்.எஸ். நாடாவுக்கும் நடந்தது. வி.எச்.எஸ். வென்றது. அடுத்து 1995 இல் டி.வி.டி. வட்டுக்காக இரண்டு அணிகள் மோதத் தயாராயின. ஐ.பி.எம். முதலிய கணிப்பொறி நிறுவனங்கள் 'ஒரே வட்டுதான் வேண்டும்' என்று வற்புறுத்தியதால் உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் அந்த நல்ல புத்தி நீடிக்கவில்லை. 2006 இல் தோஷிபா அணியின் எச்.டி. டி.வி.டி.யும், சோனி அணியின் புளூ-ரே வட்டும் களத்தில் இறங்கின.

இந்த இரண்டிலும் ஒளி ஒன்றுதான்: 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலஊதா லேசர். வேறுபாடு வில்லையில் இருந்தது. வில்லையின் குவிக்கும் திறனைக் குறிக்கும் எண் எச்.டி. டி.வி.டி.யில் 0.65, புளூ-ரேயில் 0.85. இந்த எண் உயர்ந்தால் ஒளிப்புள்ளி சிறுத்து, அதே பரப்பில் அதிகச் செய்தியை எழுத முடியும். இது பனியன் ஊர்க்காரர்களுக்குப் புரியாத கணக்கல்ல. 24 கேஜ் நிட்டிங் இயந்திரத்தில் ஓர் அங்குலத்துக்கு 24 ஊசிகள். 28 கேஜில் 28. ஊசி நெருங்க நெருங்க அதே அகலத்தில் கண்ணிகள் கூடும். நூலும் மெலிதாக வேண்டும். அப்படித்தான் எச்.டி. டி.வி.டி. ஓர் அடுக்கில் 15 கிகாபைட் கொண்டது என்றால், புளூ-ரே 25 கிகாபைட் கொண்டது.

ஆனால் கூர்மைக்கு ஒரு விலை உண்டு. வில்லையின் எண் உயர்ந்தால், வட்டு சிறிது சாய்ந்தாலும் ஒளிப்புள்ளி கலங்கிவிடும். அதைக் குறைக்கவே, செய்திக்கு மேலிருக்கும் காப்புப் படலத்தை 0.6 மில்லிமீட்டரிலிருந்து 0.1 மில்லிமீட்டராக்கினார்கள். மெல்லிய படலத்தில் கீறல் விழாதிருக்கக் கடினப் பூச்சு வேண்டும். ஆலையிலும் புதிய பொறிகள் வேண்டும். எச்.டி. டி.வி.டி.யையோ, இருக்கிற டி.வி.டி. ஆலைகளைச் சற்றே மாற்றித் தயாரித்துவிடலாம். ஆகவே இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. குறை அங்கே இல்லை. மக்கள் பணத்தைப் பந்தயமாக வைத்து அந்த விவாதத்தைக் கடைத்தெருவில் நடத்தியதே குறை. 2008 ஜனவரியில் வார்னர் பட நிறுவனம் புளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19 ஆம் நாள் தோஷிபா விலகிக்கொண்டது. எச்.டி. டி.வி.டி. வாங்கி வைத்தவர்களின் கருவி பழுதானால் மாற்றுக்கு வழியில்லாமல் போயிற்று.

வென்றவரின் வாழ்வும் நீண்டதாகச் சொல்ல முடியாது. வீட்டில் பதிவு செய்துகொள்ளும் புளூ-ரே வட்டுகளின் தயாரிப்பைச் சோனியே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது.

நம் வீடுகளை வென்ற வட்டு

இந்தப் பெரும்போர் நடந்தபோது நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தவை டி.வி.டி.யும் அதனினும் எளிய வி.சி.டி.யும்தாம். 1993 இல் வகுக்கப்பட்ட வி.சி.டி.யின் படத்தரம் குறைவு: 352 க்கு 288 புள்ளிகளே. ஒரு வட்டில் சுமார் 74 நிமிடப் படம்தான் அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படத்துக்கு இரண்டு வட்டும் போதாமல், மூன்றாவதையும் தேட வேண்டியிருக்கும். ஆயினும் மலிவு, எந்தக் கருவியில் போட்டாலும் ஓடும்.

டி.வி.டி.யில் படம் தெளிவு. ஆனால் அதில் உலகத்தைத் துண்டு போட்டு 'மண்டல எண்' என்று ஒரு பூட்டு மாட்டினார்கள். அமெரிக்காவுக்கு 1, ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் 2, இந்தியாவுக்கு 5. பூட்டுள்ள கருவியில் வேறு மண்டலத்து வட்டு ஓடாது. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. விற்பனைக் காரணம் ஒன்றே உண்டு. தரம் குறைந்த வட்டு தடையின்றி ஓட, தரம் உயர்ந்தது பூட்டுடன் வந்தது என்பதை நியமங்களை மதிப்பிடுவோர் மறக்கலாகாது.

பட்டறைக்குள் வந்த போட்டி

படம் பார்ப்பது பொழுதுபோக்கு. ஓடாவிட்டால் நட்டம் சிறிது. இதே சிக்கல் தொழிற்கருவிக்குள் நுழையும்போது கதை வேறு.

பனியன் துணியில் பூவும் எழுத்தும் நிறுவனச் சின்னமும் தைக்கும் கணிப்பொறி எம்பிராய்டரி இயந்திரங்கள் தொடக்கத்தில் துளையிட்ட காகித நாடாவைக் கொண்டு இயங்கின. டிசைன் தயாரிப்பதற்குப் 'பஞ்சிங்' என்ற பெயர் இன்றும் நிலைத்திருப்பது அதனால்தான். நாடாவின் இடத்தை நெகிழ்வட்டு (பிளாப்பி) பிடித்தது. அதிலும் போட்டி இருந்தது. 1980களின் தொடக்கத்தில் 3 அங்குல வட்டும் சோனியின் 3.5 அங்குல வட்டும் மோதி, சோனி வென்றது.

வட்டின் வடிவம் ஒன்றானதே தவிர, அதில் எழுதும் முறை ஒன்றாகவில்லை. சில இயந்திரங்கள் தமக்கே உரிய முறையில் வட்டை எழுதின. அதைச் சாதாரணக் கணிப்பொறியில் செருகினால், எழுதப்படாத வட்டு என்று தள்ளிவிடும். ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்காரருக்கு இதன் பொருள் என்ன? வெளிநாட்டு வாங்குபவர் சில ஆண்டுகள் கழித்து அதே சின்னத்துக்கு மறு ஆர்டர் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டில் பூஞ்சை பிடித்திருந்தாலோ, இயந்திரம் கைமாறிப் போயிருந்தாலோ, பணம் கொடுத்து மீண்டும் பஞ்சிங் செய்ய வேண்டும். தையலில் சிறு மாற்றம் தெரிந்தால் சரக்கும் திரும்பிவரக் கூடும்.

சோனி 2011 மார்ச்சுடன் ஜப்பானில் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்தியது. ஆனால் தையல் தலைகள் தேயாமல் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை வட்டு கிடைக்கவில்லை என்பதற்காகப் பழைய இரும்புக்குப் போட முடியுமா? வட்டு செருகும் வாயைக் கழற்றிவிட்டு, விரலளவு யு.எஸ்.பி. நினைவகத்தை ஏற்கும் பெட்டியைப் பொருத்திக்கொள்கிறார்கள். இயந்திரமோ தான் இன்னும் பிளாப்பியைத்தான் படிப்பதாக எண்ணிக்கொண்டு தைக்கிறது! வென்ற நியமத்தை நம்பியவர்களுக்கும் இதுதான் நிலை.

இந்தக் குழப்பத்தில் பிழைத்தது எது என்று பார்த்தால், ஜப்பானின் தஜிமா நிறுவனத்தின் டி.எஸ்.டி. என்ற எழுத்துமுறை. அது மிக எளியது. ஒவ்வொரு தையலுக்கும் மூன்று பைட். ஊசி எத்தனை தசம மில்லிமீட்டர் நகர வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்லும். பத்தாயிரம் தையலுள்ள டிசைன் சுமார் 30,000 பைட்டில் அடங்கும். அதன் அமைப்பைத் தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்துகொண்டதால், பிற நிறுவன இயந்திரங்களும் அதைப் படிக்கத் தொடங்கின. அதில் குறையும் உண்டு. எந்த நூல் என்ன நிறம் என்பது அதற்குத் தெரியாது. நிறம் மாற்றும் இடத்தை மட்டும் காட்டும். அப்படியே பெரிதாக்கினால் தையல்கள் நீண்டு, துணி இடையில் தெரியும். வி.சி.டி.யைப் போலவே இதுவும் ஏழை. ஆனால் எல்லா வீட்டிலும் நுழையும் ஏழை.

நூல் எண் சொல்லும் பாடம்

அப்படியானால் பல நியமங்கள் இருப்பதே தீங்கா? இல்லை. நூலையே எடுத்துக்கொள்வோம். 30 ஆம் கவுண்ட் என்றால், ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜ நீளமுள்ள 30 சிட்டங்கள் என்று பொருள். டெக்ஸ் முறையில் 1,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்று சொல்வார்கள். செயற்கை இழைக்கு 9,000 மீட்டரின் கிராம் எடையான டெனியர் முறை. ஒன்றில் எண் கூடினால் நூல் மெலியும். மற்ற இரண்டில் எண் கூடினால் நூல் தடிக்கும். இதைவிடக் குழப்பமான போட்டி வேறு உண்டா? ஆயினும் எந்த மில்லும் இதனால் நின்றுபோனதில்லை. 590.5 ஐக் கவுண்ட்டால் வகுத்தால் டெக்ஸ் வந்துவிடும். 30 ஆம் கவுண்ட் 19.7 டெக்ஸ். இந்தச் சூத்திரம் எவருடைய சொத்தும் அன்று.

போட்டியிடும் நியமங்களை இப்படித்தான் எடைபோட வேண்டும். மாற்றும் சூத்திரம் வெளிப்படையாக இருந்தால் நியமங்கள் பத்து இருந்தாலும் கேடில்லை. அது மறைக்கப்பட்டிருந்தால் ஒரே நியமம் வென்றாலும் நாம் அதன் கைதிகளே. ஆகவே புதிய இயந்திரம் வாங்குவோர் அதன் வேகத்தையும் விலையையும் விசாரிப்பதோடு, 'என் டிசைனை வேறு இயந்திரம் படிக்குமா?' என்றும் கேட்க வேண்டும். தையல் கோப்புடன் மூல வரைபடக் கோப்பையும் நூலின் நிறப் பட்டியலையும் தனியே சேமித்து, புதிய சாதனம் வரும்போதெல்லாம் அதற்கு மாற்றி வைக்க வேண்டும். வட்டு அழியக்கூடியது, அதைச் செய்த நிறுவனம் அதை எந்த நாளிலும் கைவிடக்கூடும். உழைத்து உருவாக்கிய டிசைன் பட்டறைக்காரருடையது. அது வட்டோடு சேர்ந்து போய்விட விடலாகாது.