ஒரு பக்கத்துக் கடிதங்கள்

கி. ராஜநாராயணனுக்கு கு. அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் களக்காட்டில், வாழைத்தோப்புகளுக்கு நடுவே படித்தேன். இருவரும் கரிசல் கிராமமான இடைசெவலில் பிறந்தவர்கள். அழகிரிசாமி பத்திரிகை வேலையாகச் சென்னைக்கும் மலேயாவுக்கும் போனார், 1970இல் இறந்தார். ராஜநாராயணன் ஊரோடு விவசாயியாகத் தங்கினார்.

நட்பின் சின்னம் என்று இத்தொகுப்பைப் புகழ்ந்துவிட்டு நகர்வது சுலபம். எனக்கு இதில் விமர்சனப் பிரச்னை ஒன்று இருக்கிறது. தொகுப்பில் ராஜநாராயணனின் பதில்கள் இல்லை. ஆனால் அந்தக் குரலை நாம் அறிவோம். ஊரைவிட்டுப் போனவனுக்கு ஊரைச் சொல்லும் குரல்தானே 'கோபல்ல கிராமம்' (1976)? அழகிரிசாமியின் இடத்தில் வாசகன் உட்கார்ந்திருக்கிறான். பேச்சுநடை என்று நாம் பெயரிட்டது, என் வரையில், கடித நடைதான்.

களக்காட்டை விட்டுப்போன நண்பனுக்கு நான் பதில் போட்டதில்லை. என் ஊரைப்பற்றி ஒரு பத்திகூட என்னால் எழுத முடியாததற்கு இப்போது காரணம் தெரிகிறது.