வெள்ளிமலைச் சாலையில் ஊசி யார் போடுவது?

வயசானவங்க வழுக்கி விழுந்தா "இடுப்பு ஒடைஞ்சுடுச்சு"ன்னு சொல்வோம். உண்மையில் பெரும்பாலும் உடைவது தொடை எலும்பின் மேல்முனை. அந்த வலிக்கு, தொடையிடுக்குப் பக்கமாக ஊசி போட்டு நரம்பை மரக்க வைப்பதை டாக்டர்கள் 'நரம்பு பிளாக்' என்கிறார்கள். அதனால் என்ன பலன் என்று காக்ரேன் 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வைப் படித்தேன். 49 ஆய்வுகள், 3061 நோயாளிகள்.

நல்ல வேலை, அதில் சந்தேகமில்லை. ஊசி போட்ட அரை மணி நேரத்துக்குள், காலை அசைக்கும்போது வரும் வலி பத்துக்கு இரண்டரை மதிப்பெண் அளவு குறைகிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அடிபட்டுப் படுத்த பெரியவர்கள் திடீரென்று ஆள் தெரியாமல் பினாத்துவார்களே, அதுவும் குறைகிறது: சுமார் 12 பேருக்கு ஊசி போட்டால் ஒருவர் தப்பிக்கிறார். நம் வீடுகளில் அதை "வயசாச்சு, புத்தி மாறிடுச்சு" என்று தள்ளிவிடுகிறோம்.

என் குறை கடிகாரத்தைப் பற்றியது. அந்த அரை மணி நேரம் ஊசி இறங்கிய பிறகு தொடங்குவது. கல்வராயன் மலையில் விழுந்த பாட்டிக்கு அதற்கு முன்பே எல்லாம் நடந்துவிடும். கட்டிலிலிருந்து தூக்குவது, 108 வரும்வரை காத்திருப்பது, வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வரை ஒவ்வொரு வளைவிலும் உடைந்த எலும்பு உரசுவது. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, சரி. ஆனால் வலியின் பெரும்பங்கு அதன் வாசலுக்கு முன்பே தீர்ந்துபோகிறது. நடுவில் யாராவது கட்டுப்போட வைத்தியரிடம் கூட்டிப்போனால் இன்னும் சில நாள்.

மலை மேலேயே போட முடியாதா? வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீயில் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்து, விழுந்த இடத்திலேயே போட வைத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான சிறிய முன்னோட்ட ஆய்வு அது. 'ஃபேசியா இலியாக்கா பிளாக்' என்ற வகைக்கு ஸ்கேன் இருந்தால் நல்லது, இல்லாமலும் போடலாம். இடுப்பெலும்பு முனையிலிருந்து அளந்து குத்தினால் ஊசி இரண்டு சவ்வுகளைத் தாண்டுவது கைக்கே தெரியும்.

ஆனால் அளவில் ஜாக்கிரதை வேண்டும். புபிவகைன் மருந்துக்குப் பொதுவான வரம்பு ஒரு கிலோ எடைக்கு 2 மில்லிகிராம். நம் மலைப் பாட்டி 40 கிலோ என்றால் 80 மில்லிகிராம்தான். 0.25 சதவீத மருந்தை 30 மில்லி போட்டால் 75, தாங்கும். பாடப்புத்தகத்தில் பார்த்தேன் என்று 40 மில்லி ஏற்றினால் 100. ரத்தத்தில் அதிகமானால் வலிப்பு வரும், இதயம் நிற்கும். அதற்கான மாற்று மருந்தான 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைத் தொடங்குவதென்றால் நான் முதலில் கேட்பது ஸ்கேன் மெஷினை அல்ல. அந்தக் கரைசல் பாட்டிலையும், ஆளை எடை பார்க்க ஒரு தராசையும்தான்.