விதியும் புறனடையும்

இலக்கணம் பயிற்றும் ஆசிரியர் விதியைக் கூறியபின் புறனடையையும் கூறுவர். விதியொன்றே எல்லா வழக்கையும் அடக்கமாட்டாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. சட்டம் இயற்றுவோர்க்கும் இது பொருந்தும். ஆயின், ஒரு புறனடை யாருக்குப் பயன்படுகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அவ்வகையில் பிரிட்டனின் 2018ஆம் ஆண்டுத் தந்தச் சட்டத்தை ஈண்டு நோக்குவோம்.

யானையைக் காக்க எழுந்த இச்சட்டம் 2022 ஜூன் 6ஆம் நாள் நடப்புக்கு வந்தது. எத்துணைப் பழையதாயினும் தந்தப் பொருளை விற்றல் ஆகாது என்பது விதி. புறனடைகள் ஐந்து. 1947 மார்ச்சு 3ஆம் நாளுக்கு முன் செய்யப்பட்டு, கன அளவில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்கும் குறைவாகத் தந்தம் கொண்ட பொருள் அவற்றுள் ஒன்று. 1918க்கு முற்பட்ட தலைசிறந்த கலைப்பொருள் மற்றொன்று. முன்னதைப் பதியக் கட்டணம் 20 பவுன். பின்னதற்குச் சான்றிதழ் பெற 250 பவுன்.

பழைய வெள்ளித் தேநீர்க் கெண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சூடு கைப்பிடிக்கு ஏறாவண்ணம் அதில் சிறு தந்த வளையங்களைப் பொருத்தியிருப்பர். இணையத்தின்வழி அதனை 40 பவுனுக்கு விற்கும் சிறு வணிகர், விலையில் பாதியைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். வாங்கியவர் மீண்டும் விற்பதாயின் மீண்டும் பதிவு. மீண்டும் 20 பவுன். பல்லாயிரம் பவுன் பெறும் சிற்பத்தின் உரிமையாளருக்கோ 250 பவுன் ஒரு பொருட்டன்று. இதனோடு சந்தையின் விதியும் வேறாக நிற்கிறது. ‘ஈபே’ 2008ஆம் ஆண்டிலேயே தந்த விற்பனைக்குத் தடை அறிவித்தது. அரசின் ஏட்டில் பதிந்த பொருளுக்கும் சந்தையில் இடம் உறுதியன்று.

இதன் விளைவு யாது? நேர்மையற்றவன் தந்தத்தை ‘எலும்பு’ என்று எழுதி விற்கிறான். நேர்மையாளனோ பொருளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறான். அல்லது வளையத்தைப் பெயர்த்தெடுத்து நைலானைப் பொருத்திப் பழம்பொருளைச் சிதைக்கிறான். 2025 ஜனவரி 28 முதல் நீர்யானை, சில திமிங்கில வகைகள் ஆகியவற்றின் பற்களும் இச்சட்டத்தினுள் வந்துள்ளமையால் இவ்விடர்ப்பாடு மேலும் பல பொருள்களுக்குப் பரவுகிறது.

மலிவான பொருள்களிலேதான் களவு ஒளியும். ஆதலின் சிறு வணிகருக்கும் சுமை வேண்டும் என்பர் சிலர். அதனை மறுப்பதற்கில்லை. பொருளின் படத்தைத் தருக. அதன் காலத்தை விளக்குக என்று கேட்பது முறையே. அது மெய்ப்பிக்கும் சுமை, யாவர்க்கும் பொது. கட்டணச் சுமையோ எளியவர் தோளிலேயே அழுந்துகிறது.

நம் அண்டை நாடாகிய சிங்கப்பூர் 2021 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுத் தந்த வணிகத்தையே தடுத்துவிட்டது. கல்வி, சமயம் கருதிக் காட்சிக்கு வைக்கலாம், விற்கலாகாது. கடுமையான விதிதான். எனினும் செல்வருக்கு ஒன்று, எளியவருக்கு ஒன்று என்னும் குறை அதில் இல்லை.

புறனடை வகுப்பதாயின் அது சிறியோர் கைக்கும் எட்டுதல் வேண்டும். பொருளின் விலைக்கேற்ற கட்டணம் என்று பிரிட்டன் திருத்தம் செய்யுமாயின், யானைக்கு அதனால் யாதொரு குறையும் வாராது. பொய்ப்பெயர் சூட்டி விற்கும் தேவையும் குறையும்.